பன்னிரண்டா, பதின்மூன்றா?

குருவின் பெயர் ஜெபஸ்லின். கணினிப் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுப்பவள். சீடர் சுடலைமணி அவளைவிட முப்பது வயது மூத்தவர். கடையில் விற்பது பெயிண்ட், வாயில் எந்நேரமும் கபடி.

ஊர்ப் பெண்கள் கபடிப் போட்டிக்காக அவரே ஆசையாக ஒரு ஸ்கோர் போர்டு புரோகிராம் எழுதியிருந்தார். மைதானத்தின் இரு பக்கமும் நிற்கும் இருவர் போனில் புள்ளியைத் தட்டுவார்கள். புரோகிராம் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கித் திரையில் கூட்டிக் காட்டும். போன வருடம் ஒரே அணிக்கு இருவரும் ஒன்றாகத் தட்டியதில் ஒரு புள்ளி காணாமல் போனது. சமனில் முடிய வேண்டிய ஆட்டத்தில் பேச்சியம்மாளின் அணி தோற்றது. இந்த முறை சாக்பீஸே போதும் என்று கேப்டன் பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள். அதை நினைத்தால் சுடலைமணிக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்று பேச்சியம்மாளையும் கையோடு கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அந்தப் புரோகிராமை எழுதிய பைத்தான் மொழியைத் தலைமுழுகிவிட்டாராம். கோ மொழி பறக்கிறதாம், ரஸ்ட் மொழி தப்பே விடாதாம், ஜாவாவும் லேசுப்பட்டதில்லையாம். குரு ஒன்றைச் சொன்னால் போதும், இன்றைக்கே அதில் எழுத உட்கார்ந்துவிடுவார்.

ஜெபஸ்லின் பலகையில் 11 என்று எழுதினாள். இருவருக்கும் ஆளுக்கொரு மார்க்கர் கொடுத்தாள்.

"ஆளுக்கு ஒரு பாயிண்ட் கூட்டணும். போர்டைப் பாத்து மனசுல கூட்டிக்கிடுங்க. வாசல் வரைக்கும் போய்ட்டு வந்து எழுதுங்க."

போனார்கள், வந்தார்கள். சுடலைமணி 12 என்று எழுதினார். பேச்சியம்மாள் அதை அழித்துவிட்டுத் தன் மனதிலிருந்த 12 ஐ எழுதினாள்.

"பதிமூணுல்லா வரணும்?" என்றாள் பேச்சியம்மாள்.

ஜெபஸ்லின் முகத்தில் சிரிப்பே இல்லாமல் வேறு இரண்டு மார்க்கர்களைத் தந்தாள். விலை கூடினவை. மறுபடியும் 11 இலிருந்து தொடங்கினார்கள், மறுபடியும் 12 தான் வந்தது.

இப்போது ஒரே ஒரு மார்க்கரை மேசைமேல் வைத்தாள்.

"இதைக் கையில எடுத்தவங்கதான் போர்டைப் பாக்கலாம். எழுதிட்டுக் கீழ வெச்ச பொறவுதான் அடுத்த ஆளு."

பேச்சியம்மாள் பாய்ந்து எடுத்து 12 எழுதி வைத்தாள். சுடலைமணி எடுத்தார், பார்த்தார், 13 எழுதினார். எதிரணியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியவர் மாதிரி ஒரு குதி குதித்தார். அவ்வளவு சந்தோஷம்.

பேச்சியம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம ஒங்க போர்டையே வைங்கண்ணாச்சி. ஆனா இந்த வாட்டியும் ஒண்ணு கொறஞ்சா நாங்க வெளையாட மாட்டோம்."

சுடலைமணி குருவிடம் திரும்பினார்.

"இந்த ஒத்த மார்க்கர் வித்தை எந்த மொழியில இருக்கு டீச்சர்?"

"எல்லாத்துலயும் இருக்கு."

"பைத்தான்லயுமா?"

"இருக்கு."

சுடலைமணி மார்க்கரை மேசைமேல் வைத்தார்.

"அப்பம் நான் எதுலதான் எழுதட்டும்?"

"எதுல தப்புப் பண்ணுனா ஒங்க கண்ணுல சட்டுனு படுமோ, அதுல எழுதுங்க அண்ணாச்சி."