தென்னையில் விழுந்த வெட்டு

மாதையன் மூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டு போவதற்காகக் குருவின் முன் வந்து நின்றார்.

குரு வடிவம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு ஆனைமலை அடிவாரத்தில் இந்தச் சின்ன ஆசிரமத்தை அமைத்திருந்தார். மாதையனுக்குத் தர்மபுரிப் பக்கம். ஒரே மகள் தவமணியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தவர்.

"கிளம்பிட்டீங்களா ஐயா?"

"ஆமாங்கம்மா. எனக்கு இது ஆகாதுங்க."

"எது?"

"மறக்கறது."

ஆறுதல் சொல்ல ஆசிரமத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வந்த அன்றே ஒரு புண்ணியவான் 'எல்லாம் விதி' என்று ஆரம்பித்தார். களை வெட்டிக்கொண்டிருந்த மாதையனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கையிலிருந்த அரிவாளால் மாமரத்தில் ஒரு வெட்டு, பக்கத்துக் குட்டைத் தென்னையில் ஒரு வெட்டு. பிறகு அந்தத் தென்னையையே கட்டிக்கொண்டு அழுதார். சாயங்காலம் செம்மண்ணும் சாணமும் குழைத்து இரண்டுக்கும் பூசினார். மழை கரைக்கக் கரைக்க மூன்று வருடமாகப் பூசிக்கொண்டே இருக்கிறார்.

"மாமரத்துக்கு ஆறிப்போச்சுங்க. தென்னைக்கு ஆறலை. அதே மண்ணு, அதே சாணம்தான். நானும் அந்தத் தென்னை மாதிரிதாங்க. மூணு வருஷமாச்சு, இன்னுமாங்கறாங்க எல்லாரும். உங்க பேரை எதுக்குக் கெடுக்கணும்?"

குரு எழுந்து, மூலையில் சாய்த்திருந்த துரட்டியை எடுத்தார்.

"மூட்டையை வெச்சிட்டு வாங்க."

மாமரத்தடியில் நின்று, ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறினார்.

"என்ன தெரியுது?"

"உள்ளே ஈரமா, பச்சையா இருக்குங்க."

"அதுக்கும் உள்ளே, பட்டையும் கட்டையும் சேர்ற இடத்துல, நூல் கனத்துல ஒரு வளர்திசு மரத்தைச் சுத்தி ஓடுது. வெட்டு விழுந்தா, ஓரத்துல இருக்கறது பெருகி வந்து மூடிடும்."

"தென்னைக்கு?"

"தென்னைக்கு அந்த வளையமே கிடையாது. வளர்ற இடம் உச்சிக் குருத்து ஒண்ணுதான். உடம்புல பட்ட வெட்டு மூடாது."

"எத்தனை வருஷமானாலுமா?"

"மரம் இருக்கற வரைக்கும்."

மாதையன் தென்னையைப் பார்த்தார். நெஞ்சு உயரத்தில் அந்த வெட்டு, மண் உதிர்ந்து, வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

"அப்ப நான் பூசினதுல குறை இல்லீங்களா?"

"இல்லை."

"மரத்து மேல?"

"மரத்து மேலயும் இல்லை."

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. மூன்று வருடத்தில் இதை யாருமே அவரிடம் சொன்னதில்லை, பாவம்.

"இத்தனை பெரிய வெட்டை வெச்சுக்கிட்டு இது எப்படிம்மா நிக்குது?"

"நார் தாங்குது. குழாய்கள் சில தண்ணியை ஏத்துது, சில சாப்பாட்டை இறக்குது. எல்லாம் ஒரே இடத்துல இல்லை, உடம்பு பூராவும் சிதறிக் கிடக்குது. வெட்டுல நாலு அறுந்துது. மிச்சம் அதுபாட்டுக்கு வேலை செய்யுது."

குரு துரட்டியை உயர்த்தி அந்தத் தென்னையிலிருந்தே ஓர் இளநீரை இழுத்துப் போட்டார். சீவித் திறந்து அவர் கையில் கொடுத்தார். மாதையன் ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"இனிக்குதுங்கம்மா."

"இந்தத் தண்ணி அந்த வெட்டைத் தாண்டித்தான் மேல போச்சு, ஐயா."