பொன்ராஜ் சாரின் பச்சை வாரம்

ஒரு குரு இருந்தார், ஒரு சீடர் இருந்தார். ஆனால் இங்கே குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. இருவரும் திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தார்கள்.

குருவின் பெயர் ரஹ்மத் நிஷா. பிள்ளைகளுக்கு நிஷா டீச்சர். சீடர், ஐந்தாம் வகுப்பு பொன்ராஜ் சார். செல்போனில் பேசுவதைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர். ஒருநாள் நிஷா டீச்சரின் வகுப்பை ஜன்னல் வழியே பார்த்தவர், மதியம் அவர் முன்னால் வந்து கைகூப்பி நின்றார்.

"எனக்கும் அதைச் சொல்லித் தாங்க டீச்சர். இன்னையிலேர்ந்து நீங்கதான் என் குரு."

"ஐயோ, கையை இறக்குங்க சார்! பிள்ளைகள் பாக்காங்க."

அவர் கேட்டது ஓர் அட்டை விளையாட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு மாதிரிக் கறுப்புக் கட்டங்கள் அச்சடித்த ஒரு சதுர அட்டை. நாலு பக்கமும் அ, ஆ, இ, ஈ. எது விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் போதும், சரியாகச் சொன்ன பிள்ளையின் பெயர் திரையில் பச்சையாகும், தப்பாகச் சொன்ன பெயர் சிவப்பாகும்.

பொன்ராஜ் சாருக்கு இதில் ஓர் ஆசை இருந்தது. வேலைக்கு வந்த நாள் முதலாகப் பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தும். அது உண்மைதானா என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஓய்வு பெறுவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார், பாவம்.

முதல் வாரம் முழுக்கத் திரை பச்சையோ பச்சை. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆசிரியர் அறையில் ஒவ்வொருவரிடமும் போனை நீட்டிக் காட்டினார். பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பின்னம் நடத்தினார். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டார். அட்டைகள் எழுந்தன. திரை முழுவதும் சிவப்பு. ஒரு பெயர்கூடப் பச்சை இல்லை.

போனை அணைத்துப் போட்டார். சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தார். மறுபடியும் அதே சிவப்பு. நேரே குருவிடம் போனார்.

"போன் கெட்டுப்போச்சு டீச்சர்."

நிஷா டீச்சர் திரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தே விட்டார்.

"சிரிக்காதீங்க டீச்சர்."

"எல்லாரும் ஒரே தப்பைச் சொல்லியிருக்காங்கல்லா. உங்க வகுப்புல முதல் ரேங்க் யாரு சார்?"

"அக்ஷயா. முன் பெஞ்சு."

"வாங்க, போவோம்."

வகுப்புக்கு வந்த நிஷா டீச்சர் அதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார்.

"அட்டையை மடியிலயே வச்சுத் திருப்பிக்கோங்க. திருப்பியாச்சா? எல்லாரும் கண்ணை மூடுங்க. நல்லா மூடணும். இப்ப தூக்குங்க."

பொன்ராஜ் சார் போனை ஓட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. அக்ஷயா சிவப்பு. கடைசி பெஞ்சு மூலையில் இசக்கிராஜா பச்சை. ஜூன் மாதத்திலிருந்து வாயைத் திறக்காத பிள்ளை அவன். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று இவரே ஒருமுறை அலுத்துக்கொண்டிருக்கிறார். இப்போது அவருக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"கண்ணைத் திறக்கலாமா சார்? நான் சரியா சார்?" என்றாள் அக்ஷயா.

"நான் சார்? நான் சார்?" என்றது வகுப்பு.

அவர் போனைச் சட்டென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் அந்தச் சின்னப் பெண் வகுப்பையே முதுகில் சுமந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதைச் சொல்ல மாட்டேன். அது எனக்கும் என் போனுக்கும் உள்ள ரகசியம்."

வராந்தாவுக்கு வந்ததும் பொன்ராஜ் சாரின் முகம் தொங்கிப் போயிற்று.

"போன வாரம் வந்த பச்சை எல்லாம் அக்ஷயாவைப் பாத்துத் தூக்குனதுதானா டீச்சர்?"

"ஆமா சார்."

"அப்போ இத்தனை வருஷமா 'புரிஞ்சுது சார்'னு கத்துனதும்..."

பொன்ராஜ் சாரின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து நிஷா டீச்சருக்கும் கஷ்டமாக இருந்தது.

"ஹெச்.எம்.கிட்ட சொல்லி இந்த வகுப்பை நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு இது வரல டீச்சர். எத்தனை சிவப்புன்னு நீங்களே பாத்தீங்கல்லா? என்னைக்கு இதெல்லாம் பச்சையாகும்?"

"எல்லாம் பச்சையா இருந்தா, நாளைக்கு நீங்க எதுக்கு சார் வரணும்?"