செம்மணற்குறிச்சியின் முதல் கண்ணாடி

செம்மணற்குறிச்சியில் எட்டு உலைகள் எரிந்த காலம் அது. அந்த ஊர் வளையல் கப்பலேறிப் போனது. சரி, அங்கே முதன்முதலில் கண்ணாடியை உருக்கியது யார்? பெரிய வீட்டு வயிரவமூர்த்தியின் தாத்தாவாம்! அப்படித்தான் கல்லில் வெட்டியிருந்தார்கள். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

கல்லைத் திறந்துவைக்க மடத்துச் சாமியைக் கூப்பிட்டார்கள். அவரும் சரியென்று சொல்லிவிட்டார். சிஷ்யை காத்தாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. சலவைக்காரி செம்பாயியின் மகள் அவள். சாமியைவிடப் பத்து வயது மூத்தவள்.

“துணி வெளுக்கிற உவர்மண்ணை ஆத்து மணலோட கலந்து, குயவர் சூளையில வச்சு உருக்கினது எங்க ஆத்தா, சாமி! பொட்டல் பொட்டலா அலைஞ்சா. ஒவ்வொரு மண்ணையும் நாக்குல வச்சுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தா. நாக்கு புண்ணாகி மூணு நாள் கஞ்சி இறங்கலை. இப்ப உலைக்கூடத்து வாசப்படியை எங்களை மிதிக்க விடமாட்டேங்கிறாங்க. அந்தப் பொய்க்கு நீங்க போய்ப் பூப்போடப் போறீங்களா?”

“போகத்தான் போகிறேன். நீயும் வா. இரண்டு கூடை மண் எடுத்துக்கொள். ஒன்று உருகுகிற மண், மற்றது உருகாத மண்.”

காத்தாயி முணுமுணுத்துக்கொண்டேதான் கூடைகளைச் சுமந்து போனாள்.

ஊரே கூடியிருந்தது. கல்லின்மேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. வயிரவமூர்த்தி மாலையும் கழுத்துமாக நின்றார். சாமி இரண்டு கூடைகளையும் அவர் முன்னால் வைக்கச் சொன்னார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே வெளுத்துக் கிடந்தன.

“தாத்தா கண்ட வித்தை பேரனுக்குத் தெரியாமலா இருக்கும்? எது உலைக்குப் போகிற மண் என்று காட்டுங்கள். உடனே துணியை விலக்குகிறேன்.”

வயிரவமூர்த்தி குனிந்து பார்த்தார். திருதிருவென்று விழித்தார். “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

“நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்.”

அவர் முகம் ஜிவ்வென்று சிவந்தது.

“அழுக்குத் துணி வெளுக்கிற மண்ணை நான் நாக்குல வைக்கணுமா? என்ன பேச்சு இது! எங்க வம்சத்துல இன்னிக்கு வரைக்கும் எவனும் அதைக் கையால தொட்டதுகூட இல்லை, தெரியுமா?”

 

சாமி, அந்தக் கல்லை வெட்டிய கல்தச்சர் பக்கம் திரும்பினார்.

“உளியை எடுங்கள், ஆசாரி. இவர் இப்போது சொன்னதை, ஓர் எழுத்து விடாமல், தாத்தா பெயருக்குக் கீழே வெட்டுங்கள்.”