பின்சீட்டுக்கு ஒரு ஜோடி ஷாக்அப்சர்

கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் ஒரு கீறல் இல்லாமல் ஊரில் கொண்டுவந்து இறக்குவதென்றால் சும்மாவா? அந்த மரியாதை சின்னமாயனுக்கு இருபத்திரண்டு வருஷமாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அது போயே போய்விட்டது.

அன்றைக்கு அவர் மனைவி ஒச்சம்மாள் அவருடைய ஜீப்பில் ஏறவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நேராகப் போய், பின்னால் நின்ற பரமனின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டாண்டே பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மனுஷனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டில் காரணம் கேட்டார். சும்மாதான் என்றாள். செவ்வாய்க்கிழமையும் கேட்டார். குழம்பை ஊற்றினாள். ஒன்பது வருஷமாக அவர் வண்டியிலேயே தோட்டத்துக்கு வந்தவள். சின்னமாயனுக்கு இது பிடிபடவில்லை.

யோசித்து யோசித்து, எல்லாம் ஷாக்அப்சர் செய்த வேலை என்று முடிவுக்கு வந்தார். பள்ளத்தில் விழுந்து எழுகிற வண்டியின் துள்ளலை அடக்குகிற அந்தக் குழாய்கள் பின்பக்கம் இரண்டும் எண்ணெய் கக்கி மாசக்கணக்காகிறது. தூக்கிப் போடுதே என்று பின்னால் இருக்கிற பெண்கள் எப்போதோ சொல்லியிருக்கிறார்கள்தான். ஒச்சம்மாளும் சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தன் குருவிடம் போனார்.

குரு என்றால் தாடியைத் தேடாதீர்கள். பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஜீப் பழுது பார்க்கிற சகாயராணிதான் குரு. வயது முப்பத்தொன்று. சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று. முழங்கால் வலி வந்துவிட்டது, இன்னும் எத்தனை நாளைக்கு வண்டி ஓட்டுவது, வேலையாவது கற்றுக்கொள்வோம் என்று எட்டு மாதமாக ஞாயிறுதோறும் அவளிடம் வந்து உட்காருகிறார். முதலில் கேலியாக வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தவர், ரெண்டாம் மாதத்திலிருந்து நெஞ்சாரக் கூப்பிட்டார். அவள் அவரை அண்ணே என்பாள். "அண்ணே, அந்த நட்டை மறுபடி கழட்டுங்க" என்று அவள் ஐந்தாவது தடவை சொன்னாலும் கோபம் வராது. அப்படி ஒரு அண்ணே அது.

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தேனி வரைக்கும் போய் விசாரித்து எழுதிய காகிதம். கேஸ் அடைத்த சிவப்பு ஷாக்அப்சர் ஒன்று, டூரிஸ்ட் ஜீப்புகளில் பளபளவென்று தெரிகிறதே அது. எண்ணெய் ஊற்றிய சாதா ஒன்று. பழசைத் தட்டி மறுபடி எண்ணெய் அடைத்தது ஒன்று. சிவப்பு வேண்டுமென்றால் விரலில் கிடக்கிற மோதிரம் அடகுக்குப் போக வேண்டும். போகட்டும் என்று கிளம்பித்தான் வந்திருந்தார்.

"எதை வாங்கட்டும், வாத்தியாரம்மா? ஒச்சம்மா திரும்பி என் வண்டியில ஏறணும்."

சகாயராணி காகிதத்தை வாங்கவில்லை.

"மதினி எங்க உட்காருவாங்க?"

"பின்னாடிதான்."

"பின்னாடி எங்க?"

சின்னமாயன் யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்க வேண்டியிருந்ததே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் பக்கத்து இடம் கங்காணிக்கும் வயசான அம்மாக்களுக்கும். அதில் டிரைவர் தன் பெண்டாட்டியை உட்கார வைத்தால் அன்றைக்கே பேச்சு கிளம்பிவிடும். அதனால் டிரைவர் பெண்டாட்டி எல்லாரும் ஏறின பிறகுதான் ஏறுவாள். மிஞ்சின இடத்தில் உட்காருவாள். மிஞ்சுவது எப்போதும் ஒரே இடம்.

"கடைசியில. கதவோரம்."

"சாவியைக் கொடுங்க அண்ணே. நீங்க அங்க போய் உட்காருங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். அந்த இடத்தை இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டியிருக்கிறார், கழுவியிருக்கிறார், ரெக்ஸின் மாற்றியிருக்கிறார். ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

அவள் கல்குவாரிப் பாதையில் வண்டியை விட்டாள். முதல் பள்ளத்தில் அவர் தலை மேல்கம்பியில் இடித்தது. அடுத்ததில் இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு வெட்டு வெட்டியது. நேர் கீழே சக்கரம். பிடிக்க ஒரு கம்பி, அதை விட்டால் வெளியே ரோடு. அவள் ஒன்றும் வேகமாக ஓட்டவில்லை. அவர் ஓட்டுவதைவிட மெதுவாகத்தான் ஓட்டினாள்.

"வாத்தியாரம்மா, கொஞ்சம் மெதுவா."

முன்னாலிருந்து பதில் வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே அண்ணே."

கம்பியை இறுக்கிப் பிடித்தார். பிடித்த இடம் மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தார். கை உரசாமலிருக்கக் கம்பியில் ஒரு துணி சுற்றியிருந்தது. வண்டி கழுவும்போதெல்லாம் பார்த்திருக்கிறார், இது என்ன குப்பை என்று நினைத்திருக்கிறார். இப்போதுதான் அடையாளம் தெரிந்தது. வீரபாண்டித் திருவிழாவில் அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த சேலையின் முந்தானை அது.

பரமனின் வண்டியில் ஒச்சம்மாள் டிரைவர் பெண்டாட்டி இல்லை. அங்கே அவள் நடுவில் உட்காரலாம். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரமும் ஒரு குவாரிப் பாதையும் தேவைப்பட்டது. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

கொட்டகைக்குத் திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சகாயராணி அவர் முகத்தைப் பார்க்காமல் கை துடைத்துக்கொண்டிருந்தாள். மோதிரம் போனாலும் போகிறது, சிவப்பையே மாட்டிவிடுவோம் என்றார்.

அவள் வேண்டாம் என்றாள். அது வேகமாக ஓடுகிற வண்டிகளுக்கு, இந்த வண்டியில் விறைத்துக்கொண்டு நின்று இன்னும் தூக்கிப் போடும் என்றாள். பிறகு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினாள். வண்டியின் பாரத்தைத் தாங்குகிற பின்பக்க வில்லில் ஒரு இரும்புப் பட்டை கூடுதலாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாலு பேரைச் சேர்த்து ஏற்றுவதற்காக அவரே சொருகிய பட்டை; அதனால்தான் வில் வளைந்து கொடுக்கவில்லை.

"இதைக் கழட்டிட்டு, பதினாலு பேரைப் பத்து பேராக்குங்க. சாதா ஷாக்அப்சரே போதும் அண்ணே."

நாலு ஆள் வண்டிக்கூலி என்றால் சின்ன விஷயமில்லை. சின்னமாயன் கொஞ்ச நேரம் அந்தப் பட்டையைப் பார்த்தார். அப்புறம் கம்பியில் சுற்றின முந்தானையைப் பார்த்தார். ஸ்பேனரை அவரே எடுத்தார். மத்தியானத்துக்குள் பட்டை கழன்றது, பின்பக்கம் இரண்டு புது ஷாக்அப்சர் ஏறியது.

"முன்னாடி?" என்று கேட்டார்.

அவள் அசைத்துப் பார்த்தாள். "கசியல. ஓடும். முன்னாடி பழசே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் நாலு பெண்களைப் பரமனின் ஜீப்புக்கு அனுப்பினார். பரமனுக்கு வாயெல்லாம் பல். பிறகு சின்னமாயன் ஒரு காரியம் செய்தார், அதை யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷமாகத் தான் உட்கார்ந்து ஓட்டிய, அளவெடுத்துத் தைத்த தடித்த மெத்தையை டிரைவர் சீட்டிலிருந்து அவிழ்த்து, கடைசியில் கதவோரம் கொண்டுபோய்க் கட்டினார். வெறும் பலகையில் தான் உட்கார்ந்தார்.

ஒச்சம்மாள் பரமனின் ஜீப்பைப் பார்த்துத்தான் வந்தாள். போகிற வழியில் இவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எல்லாரும் ஏறின பிறகு, எப்போதும் போலக் கடைசியாக அவர் வண்டியிலேயே ஏறி, தூக்குவாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சின்னமாயன் கொட்டகைக்கு வந்தபோது நடை கோணலாக இருந்தது. இடுப்பில் ஒரு கை. வாத்தியாரம்மா, முன்பக்கம் ஆட்டுகிற ஆட்டில் எலும்பு கழன்றுவிடும் போலிருக்கிறது, அடுத்த மாதம் முன்னாலும் ஒரு ஜோடி மாட்டுவோமா என்று கேட்டார்.

சகாயராணி வேலையை நிறுத்தினாள்.

"மதினி உங்களை ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டா. செக்போஸ்ட் தாண்டினதும் பின்னாடியிருந்து சத்தம் போட்டுக் கேட்டா. முன்னாடி ரொம்பத் தூக்குதான்னு."

"என்ன சொன்னீங்க?"

சின்னமாயன் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்து மூன்று வயது மனுஷனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னு சொன்னேன்."

சகாயராணி மறுபடி ஸ்பேனரை எடுத்தாள்.

"அப்ப ஷாக்அப்சர் சரியா வேலை செய்யுது அண்ணே."