நல்ல கொழுப்பு எங்கும் தங்காதது ஏன்

உடம்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கல்லீரல் என்ற தாய்க்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பெரியவன் கொழுமன் பருத்தவன். சின்னவன் செறியன் குள்ளம், இறுகிய உடம்பு. இருவரும் இரத்த ஆற்றில் படகு ஓட்டினார்கள்.

தாய் காய்ச்சிய கொழுப்பைக் கொழுமன் ஏற்றிக்கொண்டு போவான். தோலுக்கும் தசைக்கும் சுவர் பூச அது வேண்டும். அதனால் அவன் வரும்போதே அவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். மிஞ்சியதைத் திரும்பக் கொண்டுவர அவனுக்குச் சோம்பல். கரையிலேயே இறக்கிவிட்டு வந்துவிடுவான். செறியனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. காலிப் படகில் வருகிறவனை யாரும் உள்ளே அழைத்ததில்லை.

நெஞ்சுக்கூட்டில் இதயம் தனியாக இருந்தது. எல்லோருக்கும் இரத்தம் அனுப்பும் அதற்கு, தனக்கென்று வந்தது மெல்லிய வாய்க்கால்தான். அதன் கரையில் கொழுப்பு படிந்து படிந்து வழி குறுகியது. இதயத்துக்கு வலித்தது. எல்லோருக்கும் சொல்லி அனுப்பியும் ஒருவரும் வரவில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே தன் வேலை என்று கொழுமன் சொல்லிவிட்டான்.

செறியன் போனான். படிந்ததைக் கையால் வழித்தான். இறுகிப்போனது பெயரவில்லை, பெயர்ந்ததையெல்லாம் படகில் ஏற்றினான். இதயத்துக்கு வலி கொஞ்சம் தணிந்தது.

“இங்கேயே இருந்துவிடேன். எனக்கும் பேச ஆளில்லை” என்றது.

அவனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. கரையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

“நான் இங்கே உட்கார்ந்துவிட்டால் இதையெல்லாம் யார் கொண்டுபோவது? உன் வழி மறுபடி அடைந்துவிடும்.”

சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினான். இதயம் அவன் போவதைப் பார்த்துக்கொண்டே துடித்தது.

வீட்டில் தாய் சுமையை வாங்கி, பித்தத்தோடு கலந்து குடலுக்கு அனுப்பினாள். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டாள். அவன் காலிப் படகைத் திருப்பினான். துணைக்கு அனுப்ப அவளிடம் ஆளில்லை. தினமும் கொஞ்சம் நடங்கள், அவன் கைக்கு அது பலம் சேர்க்கும் என்று கால்களிடம் மட்டும் சொல்லிவைத்தாள்.

அன்று தொட்டுத்தான், நல்ல கொழுப்பு என்று நாம் பெயர் வைத்திருக்கும் செறியன், இதயத்தின் வாசல்வரை வந்தும் தங்காமல், மிஞ்சியதை வாரிக்கொண்டு தனியே திரும்பிப் போகிறான்.