எதுவரை என்று சொல்ல மறந்த முயல்

கரக்... கரக்... சொத்!

இருட்டிய காட்டில், நிலத்துக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வளைக்குள் தன் இரண்டு குட்டிகளை அணைத்தபடி கண்ணயர்ந்திருந்த பஞ்சு என்ற முயல் திடுக்கிட்டு எழுந்தது. 'பாம்பா? பாம்பு சுரண்டாதே!'

அப்போதுதான் பெருச்சாளியின் நினைவு வந்தது.

குட்டிகளுக்கு ஓர் உள்ளறை வேண்டுமென்று, காலையில்தான் தோண்டி என்ற பெருச்சாளியை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. தோண்டி சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. "தோண்டு! தூக்கு! வெளியே கொட்டு! வா!" என்று கத்திக் கத்திப் பஞ்சுவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"ஏனக்கா இந்தப் பாடு? 'திரும்பத் திரும்பச் செய்'னு ஒரு தடவை சொன்னாப் போதுமே!" என்றது தோண்டி.

"அட, இவ்வளவு சுலபமா!" பஞ்சு அப்படியே சொல்லிவிட்டு, குட்டிகளோடு படுத்துவிட்டது.

இப்போது ஓடிப் போய்ப் பார்த்தால், அறையைக் காணோம்! நீளமாக ஒரு சுரங்கம்! அதன் கோடியில் ஒரு துளை. துளைக்குள் நரியின் மூக்கு!

"அடடே, சாப்பாடே வழி தோண்டிக்கிட்டு வீடு தேடி வருதே!" என்று நரி இளித்தது.

பஞ்சு துள்ளிப் பின்வாங்கியது. "அடப்பாவி தோண்டி! நரி வீட்டுச் சுவரையா உடைச்சே?"

"எதுவரைன்னு நீங்க சொல்லவே இல்லையே, அக்கா!"

நரி நகத்தால் துளையைப் பெரிதாக்கத் தொடங்கியது. இனி அழுதுகொண்டு நின்றால் குட்டிகள் போச்சு! பஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "வெளியே கொட்டின மண்ணை அள்ளிட்டு வந்து துளையிலே போடு! திரும்பத் திரும்பப் போடு! துளை மூடும்வரை! மூடினதும் நிறுத்திட்டு உள்ளேயே நில்லு!"

தோண்டி பாய்ந்தது. மண் விழ விழ நரிக்குத் தும்மல் தாங்கவில்லை. "போடு, போடு! மண் சுமக்கிறவன் வாசலைத் திறந்துதானே வெச்சிருப்பான்? அந்தப் பக்கமா வர்றேன்!" என்று ஓடியது.

கடைசிப் பிடி மண்ணும் விழுந்தது. துளை மூடியது. தோண்டி டக்கென்று உள்ளேயே நின்றுவிட்டது. வாசலில் நரியின் இரைப்பு கேட்டது. பஞ்சு ஒரே தாவாகத் தாவிக் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டது.

பெருச்சாளியோ கணினியோ, 'திரும்பத் திரும்பச் செய்' என்று கட்டளையிடுகிறவர் எதுவரை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.