துணைத் துண்டுகள்

“பதினாறு வருஷமா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டேன் மேடம். ஒரே ஒரு கையெழுத்து. போட்டுடுங்க.”

பூதலிங்கம் கோப்பை நீட்டினார். ராக்கெட் எரிபொருள் நிலையத்தின் கிடங்கு அவர் பொறுப்பு. அடுத்த மாதம் ஓய்வு.

ரோஸ்மேரி அம்மாள் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும், பழைய ராக்கெட் மோட்டார் பறக்கலாமா கூடாதா என்று சொல்ல அவரைத்தான் கார் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள்.

“எந்த மோட்டார் லிங்கம்?”

“நம்ம கடைசி மோட்டார். தங்கப்பழம் அண்ணன் கலவை போட்டது.”

அம்மாளின் முகம் மலர்ந்தது.

“அன்னிக்கு நல்ல மழை. ஈரம் பட்டுடும்னு மனுஷன் சாப்பிடக்கூட நகரல.”

“நீங்கதானே வடை வாங்கிட்டு வந்தீங்க. வாசலுக்கு வந்தவரு, கையுறையைக் கழட்ட மாட்டேன்னு வாயைத் திறந்து காட்டினாரு.”

இருவரும் சிரித்தார்கள். தங்கப்பழம் இறந்து ஆறு வருஷம். அவர் கை பட்டதில் மிச்சம் இந்த ஒரு மோட்டார்தான்.

மோட்டாருக்குள் வார்த்திருக்கும் எரிபொருள் ரப்பர் மாதிரி. வருஷம் போகப் போக இறுகும்; சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். இறுகியதைப் பற்றவைத்தால் விரிசல் விட்டு மோட்டாரே வெடிக்கும். இறுகிவிட்டதா என்று வெட்டிப் பார்க்கலாம். வெட்டினால் அது பிறகு பறக்காது.

அதனால் அதே கலவையில் சில துண்டுகளையும் வார்த்துப் பக்கத்திலேயே வைப்பார்கள். துணைத் துண்டுகள் என்று பெயர். வருஷத்துக்கு ஒன்றை எடுத்து இழுத்துப் பார்ப்பார்கள். துண்டு இறுகியிருந்தால் மோட்டாரும் இறுகியிருக்கும்.

“துண்டு எப்படி இருக்கு?”

“நேத்து வார்த்த மாதிரி இழுபடுது மேடம்.”

அம்மாள் பேனாவை எடுக்கவில்லை. மூலையில் கிடந்த மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு நடந்தார். பூதலிங்கம் பின்னாலேயே ஓடினார்.

உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க, வாசலில் இருந்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். மோட்டார் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க ஏசி எப்பவாவது நின்னுச்சா?”

“புயலுக்கு அப்புறம் நின்னுச்சு மேடம். ரெண்டு கோடை ஓடல.”

“அப்போ துண்டெல்லாம்?”

“கெட்டுடக் கூடாதேன்னு நானே சுமந்துட்டுப் போய் லேப் குளிர் அறையில வச்சேன். இன்னும் அங்கதான் இருக்கு. அண்ணன் கலவை இல்லையா!”

பெருமையாகத்தான் சொன்னார்.

அம்மாள் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“துணைக்குன்னு வார்த்ததை நீ கூட்டிட்டுப் போயிட்டே. அந்த ரெண்டு கோடையும் இது கூட யாருப்பா இருந்தது?”

பூதலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தானும் மோட்டாரின் மேல் கை வைத்தார்.

“வெட்டிப் பாத்துடலாம் மேடம்.”